விரைவுப் பட்டையில் கோடு விழவில்லை என்பதால் பறவைக் காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிடலாமா?

மருத்துவர்_மேற்கு

முட்டைக்கோழிப் பண்ணைகள் அடர்ந்த ஒரு வட்டாரத்தில் இருபது படுக்கைகள் உள்ள சிறிய மருத்துவமனை ஒன்றை நடத்தி வருகிறேன். லேயர் பண்ணை ஒன்றில் எரு அள்ளும் வேலை செய்யும் 34 வயது ஆண் ஒருவர், மூன்று நாள் காய்ச்சலோடும் உடல்வலியோடும் நேற்று மாலை வந்தார். இருமல் லேசாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கண்களும் நன்றாகச் சிவந்திருந்தன, காலையில் எழும்போது இமைகள் ஒட்டிக்கொள்வதாகவும் சொன்னார். அவர் வேலை பார்க்கும் கொட்டகையில் கடந்த ஒரு வாரமாக வழக்கத்தைவிட அதிகமாகக் கோழிகள் சாகின்றன என்பதை, நான் இரண்டு முறை கேட்ட பிறகே, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

என்னிடம் இருந்த இன்ஃப்ளூயன்சா விரைவுப் பரிசோதனைக் கிட்டில் மூக்கு ஸ்வாப் எடுத்துப் பார்த்தேன். பதினைந்து நிமிடம் கழித்து, பட்டை சரியாக வேலை செய்தது என்பதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் தெரிந்தது. ஏ கோடும் இல்லை, பி கோடும் இல்லை. பண்ணை உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து, “டெஸ்ட் நெகட்டிவ் என்றால் நாளைக்கு ஆளை வேலைக்கு அனுப்பலாமா, டாக்டர்?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. நோயாளியைத் தனி அறையில் வைத்திருக்கிறேன். அந்தப் பட்டையின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை ஆய்வகத்தில் இருப்பவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நுண்ணுயிரியலார்

ஐயா, அவரைத் தனி அறையில் வைத்தது மிகச் சரி. வேலைக்கு அனுப்ப வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பயிற்சிக்கு வரும் ஆய்வக நுட்பநர்களிடம் நான் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லி வருவது இது, ஆகவே நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பப் பரிசோதனைப் பட்டை இயங்கும் அதே முறையில்தான் இந்தப் பட்டையும் இயங்குகிறது. ஸ்வாப்பைக் கரைசலில் கலக்கும்போது வைரஸின் உறை உடைந்து, உள்ளே மரபுப்பொருளைச் சுற்றியிருக்கும் நியூக்கிளியோபுரதம் வெளியே வருகிறது. கரைசல் பட்டையில் ஊறி ஏறும்போது, நுண்ணிய தங்கத் துகளோடு இணைக்கப்பட்ட எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. மேலே கோடாகப் பதிக்கப்பட்டிருக்கும் இன்னோர் எதிர்ப்பொருள் அதைப் பிடித்து நிறுத்தினால்தான் நம் கண்ணுக்கு நிறம் தெரிகிறது. இதில் எந்தக் கட்டத்திலும் வைரஸ் பெருக்கப்படுவதில்லை. ஸ்வாப்பில் எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான். ஆய்வகத்தில் செய்யும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனையில் சுழற்சிக்கு ஒரு முறை மரபுப்பொருள் இரட்டிப்பாவதால், ஒரு துளியில் சில பிரதிகள் இருந்தாலே போதும். பட்டைக்கு அது போதாது.

நியூக்கிளியோபுரதம் இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸ்கள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழப் பொதுவானது. எனவே ஏ கோடு விழுந்தாலும், அது ஊரெல்லாம் பரவும் எச்1என்1-ஆ, எச்3என்2-ஆ, கோழியிடமிருந்து வந்த எச்5என்1-ஆ என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது. கோடு விழாவிட்டாலோ மூன்றில் ஏதேனும் ஒன்று உண்மையாக இருக்கலாம்: தொற்று இல்லாமல் இருக்கலாம், வைரஸின் அளவு பட்டைக்கு எட்டாததாக இருக்கலாம், அல்லது வைரஸ் இருந்த இடத்தில் ஸ்வாப் படாமல் போயிருக்கலாம். பறவைக் காய்ச்சலைப் பொறுத்தவரை இந்த மூன்றாவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

மனிதர்களிடையே வழக்கமாகப் பரவும் ஃப்ளூ வைரஸ், மூக்கிலும் தொண்டையிலும் உள்ள செல்களின் மேல் ஒரு வகைச் சியாலிக் அமில இணைப்பைப் பற்றிக்கொண்டு நுழைகிறது. பறவை வைரஸ்கள் நாடுவது வேறு வகை இணைப்பை. அது நமக்கு நுரையீரலின் ஆழத்தில் உள்ள காற்றுப்பைகளிலும் கண்ணின் வெளிப்படலத்திலும் மிகுதி, மூக்கில் குறைவு. ஆகவே மூக்கை மட்டும் துடைத்துப் பார்ப்பது, வடக்கு வாசலில் காவல் போட்டுவிட்டுத் தெற்கு வாசலைத் திறந்து விட்டதைப் போன்றது. ஹோ சி மின் நகரின் வெப்பமண்டல நோய் மருத்துவமனையில் எச்5என்1 நோயாளிகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான ஆய்விலும், மூக்கைவிடத் தொண்டையில்தான் வைரஸின் அளவு கூடுதலாக இருந்தது. அதற்கு முன்பே தாய்லாந்தில், வைரஸ் வளர்ப்பு முறையில் எச்5என்1 என்று ஐயமின்றி உறுதியான 11 பேரில் விரைவு ஆன்டிஜென் பரிசோதனை பிடித்தது 4 பேரைத்தான். மற்ற 7 பேருக்கும் உங்கள் நோயாளிக்கு வந்த அதே விடைதான் வந்தது.

இப்போது அவருடைய கண்களுக்கு வருகிறேன். 2003-இல் நெதர்லாந்துப் பண்ணைகளில் எச்7என்7 என்னும் பறவை வைரஸ் பரவியபோது உறுதியான மனிதத் தொற்று 89. அவர்களில் 78 பேருக்குக் கண் அழற்சியைத் தவிர வேறு தொல்லையே இல்லை. ஆனால் அதே நோய்ப்பரவலில் கால்நடை மருத்துவர் ஒருவர் நிமோனியாவால் இறந்தும் போனார். 2024-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கறவைப் பண்ணைத் தொழிலாளி ஒருவர் சிவந்த கண்களோடு வந்தபோது, கண் ஸ்வாப்பையும் மூக்கின் பின்பகுதி ஸ்வாப்பையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். கண் மாதிரியில் 18-ஆம் சுழற்சியிலேயே வைரஸ் தெரிந்துவிட்டது. மூக்கு மாதிரியில் 33-ஆம் சுழற்சி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதினைந்து சுழற்சி வேறுபாடு என்றால் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு. அதே மனிதருக்கு மூக்கில் மட்டும் பட்டைப் பரிசோதனை செய்திருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே உங்கள் மேசையில் இருக்கும் பட்டை, “இந்த மூக்கு ஸ்வாப்பில் எனக்குத் தெரியும் அளவுக்கு இன்ஃப்ளூயன்சா புரதம் இல்லை” என்று மட்டுமே சொல்லியிருக்கிறது. எரு அள்ளுபவர், கோழிகள் சாகும் கொட்டகை, சிவந்த கண்கள் என்னும் மூன்றையும் அந்தப் பட்டை அறியாது, நீங்கள் அறிவீர்கள். ஃப்ளூ வைரஸை எதிர்க்கும் ஒசெல்டாமிவிர் மருந்தை இன்றே தொடங்குங்கள். பெரியவருக்கு 75 மில்லிகிராம், இரு வேளை, ஐந்து நாள். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுப்பது சிறப்பு என்றாலும், பறவைக் காய்ச்சல் ஐயம் இருக்கும்போது அந்த நேரம் கடந்த பிறகும் கொடுக்க வேண்டும் என்பதும், ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதும் உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிமுறை. மருந்தைத் தொடங்கிய கையோடு மாவட்ட நோய் கண்காணிப்புப் பிரிவுக்குத் தெரிவித்துவிட்டு, கண்ணிலும் தொண்டையிலும் மூக்கிலும் மாதிரி எடுத்து ஆர்டி-பிசிஆருக்கு அனுப்புங்கள்.

மருத்துவர்_மேற்கு

மிக்க நன்றி. மருந்தைத் தொடங்கிவிட்டேன், கண்காணிப்புப் பிரிவுக்கும் தெரிவித்தாகிவிட்டது. கண்ணில் ஸ்வாப் எடுத்து எங்களுக்குப் பழக்கம் இல்லை. யாராவது செய்முறையைச் சொல்ல முடியுமா?

மூத்த_செவிலியர்

டாக்டர், நான் சொல்கிறேன். முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள்: என்-95 முகக்கவசம், கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி, கையுறை, மேலங்கி. நோயாளியை உட்கார வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். இடது கை விரலால் கீழிமையை மெதுவாக இழுத்துப் பிடித்தால் உட்புறத்தில் செந்நிறப் படலம் தெரியும். பாலியெஸ்டர் முனை கொண்ட மெல்லிய ஸ்வாப்பை அந்தப் படலத்தின் மேல், மூக்கை ஒட்டிய மூலையிலிருந்து வெளிமூலை வரை, சுழற்றியபடி ஒரு முறை இழுங்கள். கருவிழியில் படக் கூடாது. பீளை கட்டியிருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பீளையில் செல்கள் குறைவு, வைரஸ் செல்களுக்குள்தான் இருக்கிறது. மரக்குச்சியில் பஞ்சு சுற்றிய ஸ்வாப்பும் கால்சியம் ஆல்ஜினேட் ஸ்வாப்பும் ஆர்டி-பிசிஆருக்கு ஆகாதவை.

தொண்டை ஸ்வாப் எடுக்கும்போது நாக்கை அழுத்தி, உள்நாக்குக்குப் பின்னால் உள்ள சுவரையும் இரு பக்கத் தசைகளையும் நன்றாகத் தேய்க்க வேண்டும். நோயாளிக்குக் குமட்டல் வரும். குமட்டலுக்குப் பயந்து நாக்கைத் தொட்டு எடுத்த ஸ்வாப்பால் ஒரு பயனும் இல்லை. நான் வேலை செய்த ஓரிடத்தில், ஒரு வாரம் முழுவதும் புதிதாக வந்தவர்கள் எடுத்த தொண்டை மாதிரிகளில் மனித செல்லே இல்லை என்று ஆய்வகம் திருப்பி அனுப்பியது. வெறும் எச்சில்தான் போயிருந்தது. அந்த ஒரு வாரத்தின் “நெகட்டிவ்” முடிவுகளை நினைத்தால் இன்னும் எனக்கு மனம் பதறுகிறது.

நுண்ணுயிரியலார்

அம்மா சொன்னது ஒவ்வொன்றும் முக்கியம். நான் ஒன்றைச் சேர்க்கிறேன். கண் ஸ்வாப்பைத் தனிக் குழாயிலும், மூக்கின் பின்பகுதி ஸ்வாப்பை இன்னொரு குழாயிலும், தொண்டை ஸ்வாப்பையும் மூக்குத் துளை ஸ்வாப்பையும் சேர்த்து மூன்றாவது குழாயிலும் இடுங்கள். குழாயில் வைரஸ் கடத்து ஊடகம் இருக்க வேண்டும். இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் வைத்து, 72 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குச் சேர்க்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துவிடாதீர்கள். அந்த மிதமான உறைநிலை வைரஸைக் கெடுத்துவிடும். மூன்று அடுக்குப் பொதி, வெளியே ஐயத்திற்குரிய நோயின் பெயர், நோயாளியின் பறவைத் தொடர்பு, அறிகுறி தொடங்கிய நாள் ஆகியவை எழுதிய படிவம். இந்தப் படிவத்தில் “காய்ச்சல், இருமல்” என்று மட்டும் எழுதினால் ஆய்வகம் அதைப் பத்தோடு பதினொன்றாக வைத்துவிடும்.

அவருக்கு மூச்சுத்திணறல் தொடங்கினால் அப்போது சளியோ, குழாய் பொருத்தியிருந்தால் மூச்சுக்குழாய் உறிஞ்சு மாதிரியோ எடுத்து மீண்டும் அனுப்ப வேண்டும். நுரையீரலில் நோய் இறங்கியவருக்குத் தொண்டை மாதிரி எதிர்மறையாக வந்தாலும் அதை முடிவாகக் கொள்ளக் கூடாது.

முட்டைப்_பண்ணை

நான் மருத்துவன் இல்லை. இருபத்தைந்தாயிரம் லேயர் கோழி வைத்திருக்கும் பண்ணைக்காரன். டாக்டரிடம் தொலைபேசியில் பேசிய உரிமையாளரை எல்லோரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்களுக்குக் கூலியாட்கள் மீது அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் “பறவைக் காய்ச்சல்” என்ற சொல் ஊரில் விழுந்த மறுநாளே முட்டை லாரி நின்றுவிடும். உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழி எல்லாவற்றையும் அழிப்பார்கள். இழப்பீடு உண்டுதான், ஆனால் காலிக் கொட்டகையில் மறுபடி குஞ்சு விட்டு முட்டை எடுப்பதற்குள் கடன்காரன் வாசலுக்கு வந்துவிடுவான். ஆகவே எனக்கு உள்ள பயம் வேறு. பட்டையில் தவறாக ஒரு கோடு விழுந்துவிட்டால் என்ன ஆகும்? அதையும் நீங்கள் சொல்ல வேண்டும்.

நுண்ணுயிரியலார்

நியாயமான கேள்வி, ஐயா. கணக்காகவே பார்ப்போம். 159 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஒரு மதிப்பீடு, இன்ஃப்ளூயன்சா விரைவுப் பட்டைகள் நோயுள்ள நூறு பேரில் சராசரியாக 62 பேரைக் கண்டுபிடிப்பதாகவும், நோயில்லாத நூறு பேரில் 98 பேரைச் சரியாக விடுவிப்பதாகவும் கண்டது. பெரியவர்களை மட்டும் எடுத்தால் கண்டுபிடிக்கும் அளவு 54-க்கு இறங்கிவிடுகிறது. இதன் பிறகுதான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் விதியை இறுக்கி, குறைந்தது 80 விழுக்காடாவது கண்டுபிடிக்கும் பட்டைகளே விற்கப்பட வேண்டும் என்றது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. பத்தாயிரம் பண்ணைத் தொழிலாளர்களில் பத்துப் பேருக்கு மட்டும் தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எழுபதைக் கண்டுபிடித்து, நோயில்லாத நூற்றில் 98-ஐச் சரியாக விடுவிக்கும் பட்டையால் எல்லோரையும் சோதித்தால், தொற்றுள்ள பத்துப் பேரில் ஏழு பேருக்குக் கோடு விழும். தொற்றில்லாத 9,990 பேரில் நூற்றுக்கு இரண்டு வீதம் ஏறத்தாழ இருநூறு பேருக்கும் கோடு விழும். அதாவது கோடு விழுந்த 207 பேரில் உண்மையான நோயாளிகள் ஏழு பேர்தான். கோடு விழாத மூன்று நோயாளிகளோ “நெகட்டிவ்” என்ற சான்றோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனவே பட்டையில் விழுந்த கோட்டை வைத்து யாரும் உங்கள் பண்ணையைப் பூட்ட மாட்டார்கள், பூட்டவும் கூடாது. விழாத கோட்டை வைத்து ஒரு கூலியாளைக் கொட்டகைக்குத் திருப்பி அனுப்புவதும் அதே காரணத்தால் கூடாது.

உயிர்வேதி_மாணவி

வணக்கம். முதுநிலை படிக்கிறேன். பட்டை “ஏ வகை” என்று மட்டும் சொல்வதுதான் சிக்கல் என்றால், எச்5 என்னும் பறவை வைரஸ் வகையின் மேற்புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை வைத்தே ஒரு பட்டை செய்துவிடலாமே? ஏன் அது மருத்துவமனைகளில் இல்லை?

நுண்ணுயிரியலார்

செய்திருக்கிறார்கள், தங்கையே. அந்தக் கதை தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. முதலில் வந்தது பிசிஆர். 2006 பிப்ரவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உருவாக்கிய எச்5 பரிசோதனைக்கு ஒப்புதல் கிடைத்தது. அதுவரை இரண்டு மூன்று நாள் பிடித்த வேலை நான்கு மணி நேரத்துக்குச் சுருங்கியது. அடுத்து 2009 ஏப்ரல் 7 அன்று ‘அவான்டேஜ்’ என்ற பரிசோதனைக்கு ஒப்புதல் தந்தார்கள். தொண்டை அல்லது மூக்கு ஸ்வாப்பில், வைரஸின் என்எஸ்1 என்னும் புரதத்தைக் கொண்டு, 40 நிமிடத்துக்குள் எச்5என்1-ஐ அடையாளம் காண்பதாக இருந்தது அது.

அது வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கலிஃபோர்னியாவில் ஒரு புதிய ஃப்ளூ வைரஸ் அடையாளம் காணப்பட்டது. அது எச்5 அல்ல; பன்றிகளிடமிருந்து வந்த எச்1என்1. அந்த ஆண்டின் உலகப் பெருந்தொற்றை உண்டாக்கியது அதுவே. அதன் முதல் நோயாளிகளில் ஒருவனான பத்து வயதுச் சிறுவனின் மாதிரியில், ஆய்வுக்காகப் பயன்படுத்தப்பட்ட ஒரு கருவி “இன்ஃப்ளூயன்சா ஏ உண்டு, ஆனால் மனிதரிடம் பரவும் எச்1-ஓ எச்3-ஓ இல்லை, எச்5-உம் இல்லை” என்று காட்டியது. எந்தப் பெட்டியிலும் அடங்காத அந்த விடைதான் மாதிரியை மேல்நிலை ஆய்வகத்துக்குக் கொண்டு சேர்த்தது. எச்5 பட்டை ஒன்றை மட்டும் கையில் வைத்திருந்தவருக்கு அன்று வெறும் “இல்லை” மட்டுமே கிடைத்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. எச்5 என்னும் மேற்புரதம் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பது. 2005-இன் வியட்நாம் வைரஸுக்குப் பொருந்திய எதிர்ப்பொருள், இன்று கோழிகளிலும் அமெரிக்க மாடுகளிலும் சுற்றும் கிளைக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. சீனாவில் 2013 மார்ச்சில் தலைகாட்டி 1,500-க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய எச்7என்9-ஐ எச்5 பட்டையால் பிடிக்கவே முடியாது. தொடக்கத்தில் அது கோழியை நோயாக்காமல் மனிதனை மட்டும் வீழ்த்திய வைரஸ். கோழி செத்ததா என்று கேட்டும் துப்புக் கிடைத்திருக்காது, சந்தைக்குப் போனீர்களா என்று கேட்டால்தான் கிடைத்திருக்கும். இத்தனைக்கும் மேலாக, இத்தனை அரிதான நோய்க்குப் பட்டை வாங்கி வைத்து, காலாவதியாகி, மீண்டும் வாங்கி வைக்க எந்தச் சிறு மருத்துவமனையும் முன்வராது. ஆகவே நல்ல வழி என்று நான் கருதுவது, மாறாத மரபுப்பகுதியைக் கொண்டு “ஏ வகை உண்டா” என்று முதலில் கேட்பது. உண்டு என்றால் பருவகால உட்பிரிவுகளில் சேர்கிறதா என்று பார்ப்பது. சேராவிட்டால் அன்றே மேலே அனுப்புவது.

நம் நாட்டில் இது நடந்த விதத்தையே பாருங்கள். 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் டெல்லியில் இறந்தான். இந்தியாவில் உறுதியான முதல் எச்5என்1 மனித மரணம் அது. ஏ வகை என்று தெரிந்தும் பருவகால உட்பிரிவு எதிலும் சேராததால்தான் மாதிரி புனே தேசிய நச்சுயிரியல் நிறுவனத்துக்குப் போனது. மேற்கு வங்கத்துக் குழந்தை ஒன்றுக்கு 2024 மார்ச் முதல் வாரத்தில் உட்பிரிவு தெரியாத ஏ வகை என்று முடிவு வந்தது; அது எச்9என்2 என்னும் பறவை வைரஸ் என்று உறுதியானது ஏப்ரல் 26-இல். அக்குழந்தை பிழைத்தது. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுப் பெண்குழந்தை எச்5என்1-க்குப் பலியானபோதும் உறுதி செய்தது புனேதான். மேல்நிலை ஆய்வகத்தின் திறமையில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. மாதிரி அங்கே போய்ச் சேரும் வரை கடக்கும் நாட்களைத்தான் குறைக்க வேண்டும். “விரைவு” என்ற சொல்லை நான் பட்டைக்குக் கொடுப்பதைவிட அந்த வழிக்குக் கொடுப்பேன்.

கால்நடை_மருத்துவர்

என் தரப்பிலிருந்து இரண்டு செய்திகள். பண்ணையைப் பற்றிய முடிவு கோழிகளிடமிருந்து எடுக்கும் மாதிரியால்தான் வரும். அது போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்துக்குப் போகிறது. ஆகவே பண்ணைக்கார அண்ணன், ஆள் மருத்துவமனைக்குப் போனால் பண்ணைக்குக் கேடு வரும் என்று அஞ்சி அவரை வீட்டிலேயே படுக்க வைக்க வேண்டாம். கோழி இறப்பு கூடிய முதல் நாளே எங்களை அழையுங்கள்.

இரண்டாவது, மனித மாதிரி எடுப்பவர்களுக்கு. எருத் தூசியில் எட்டு மணி நேரம் நின்றவரின் மூக்கிலும் கண்ணிலும் வைரஸ் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். 2022-இல் ஸ்பெயினின் குவாதலஹாரா மாகாணத்தில் ஒரு பண்ணையில் நோயறிகுறி ஏதும் இல்லாத இருவருக்கு எச்5என்1 என்று முடிவு வந்தது. பின்னர் அது தொற்றாக இல்லாமல், சூழலிலிருந்து சளிப்படலத்தில் ஒட்டிய மாசாகவே இருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. அறிகுறி உள்ளவரிடம் இந்தக் குழப்பம் குறைவு. என்றாலும் கொட்டகை வாசலிலேயே நிறுத்தி ஸ்வாப் எடுக்காமல், குளித்து உடை மாற்றிய பிறகு எடுப்பது நல்லது. இடைவெளி விட்டு இன்னொரு முறையும் எடுத்துப் பார்க்கலாம்.

மருத்துவர்_மேற்கு

இன்று மூன்று குழாய்களும் மாவட்டக் கண்காணிப்புப் பிரிவின் வாகனத்திலேயே போய்விட்டன. நோயாளிக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறது, ஆக்சிஜன் அளவு 97. ஒரு கேள்வி மீதி இருக்கிறது. காசநோய்ப் பரிசோதனைக்காகப் பக்கத்து ஊரில் கார்ட்ரிட்ஜ் வகை இயந்திரம் இருக்கிறது. அதில் ஃப்ளூ கார்ட்ரிட்ஜ் போட்டால் அரை மணி நேரத்தில் விடை வரும் என்கிறார்கள். அடுத்த முறை அதைப் பயன்படுத்தலாமா?

நுண்ணுயிரியலார்

பயன்படுத்தலாம், பட்டையைவிட அது பல மடங்கு நம்பத்தக்கது, ஏனென்றால் அங்கே மரபுப்பொருள் பெருக்கப்படுகிறது. எச்5 இருந்தால் “ஏ வகை உண்டு” என்று அது சொல்லும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் எச்5 என்று பெயர் சொல்லாது. அந்தக் கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் மூக்கு மாதிரிகளுக்காகச் சரிபார்க்கப்பட்டவை. கண் ஸ்வாப்பை அதில் இட்டு வந்த “இல்லை”யை நான் ஏற்க மாட்டேன். ஆகவே கார்ட்ரிட்ஜில் “ஏ உண்டு” என்று வந்தால் அன்றே தொலைபேசியை எடுங்கள். “இல்லை” என்று வந்தாலும் பறவைத் தொடர்பு உறுதியாக இருந்தால் மூன்று குழாய்களையும் அனுப்புங்கள்.

யாரைச் சோதிப்பது என்பதிலும் கண் வையுங்கள். தென் வியட்நாமில் 2004-இல் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கடும் வயிற்றுப்போக்கோடு வந்து, வலிப்பும் மயக்கமும் கண்டு இறந்தான். மூளைக்காய்ச்சல் என்றே கருதினார்கள். பின்னர் அவனுடைய தண்டுவட நீரிலேயே எச்5என்1 கிடைத்தது. வந்தபோது இருமலே இல்லை. மறுபுறம், அமெரிக்காவின் மிச்சிகனிலும் கொலராடோவிலும் 2024-இல் 115 கறவைப் பண்ணைத் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது எட்டுப் பேரிடம் அண்மைத் தொற்றின் எதிர்ப்பொருள் இருந்தது; அவர்களில் நான்கு பேருக்கு உடம்பு சரியில்லாமல் போனதாகவே நினைவில்லை. 2003 முதல் 2024 முடிய உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வந்த எச்5என்1 நோயாளிகள் 950-க்கும் மேல். ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தவர்கள். அந்தப் பாதி என்ற விகிதத்தைப் படிக்கும்போதெல்லாம், மருத்துவமனை வரை வந்து, சோதிக்கவும் பட்டவர்களைப் பற்றிய கணக்கு அது என்பதை நான் நினைத்துக்கொள்வேன். லேசாக வந்து போனவர்கள் அதில் இல்லை. சோதிக்கப்படாமலே இறந்தவர்களும் இல்லை.

முட்டைப்_பண்ணை

கணக்கைப் படித்தேன். ஒன்று ஒப்புக்கொள்கிறேன். போன ஆண்டு என் கொட்டகையில் இரண்டு பேருக்குக் கண் சிவந்தபோது, தூசி என்று சொல்லிக் கண் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இந்த வாரம் எல்லோருக்கும் கண்ணாடியும் முகக்கவசமும் வாங்கியிருக்கிறேன். வெயிலில் கண்ணாடி வியர்த்து மூடுகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். வேலையைக் காலை பத்து மணிக்குள் முடிக்கும்படி மாற்றிப் பார்க்கிறேன்.

மருத்துவர்_மேற்கு

முடிவுகள் வந்துவிட்டன. கண், மூக்கு, தொண்டை மூன்றிலும் இன்ஃப்ளூயன்சா ஏ இல்லை. கோழி மாதிரிகளிலும் பறவைக் காய்ச்சல் இல்லை; கோழிகளுக்கு வரும் வேறொரு வைரஸ் நோயான வெள்ளைக்கழிச்சல் என்று உறுதியாகியிருக்கிறது. அந்தத் தொகுதிக் கோழிகளுக்கு அந்நோய்க்கான லசோட்டா தடுப்பூசியின் மறுதவணை தள்ளிப் போயிருந்ததாக உரிமையாளர் சொன்னார்.

கால்நடை_மருத்துவர்

அப்படியென்றால் அவருடைய கண் சிவப்புக்கும் அதுவே காரணமாக இருக்கலாம், டாக்டர். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் மனிதர் கண்ணில் பட்டால் அழற்சி உண்டாக்கும். தடுப்பூசி தெளிக்கும்போது எங்கள் ஆட்களுக்கே வந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே ஆறிவிடும்.

மருத்துவர்_மேற்கு

ஆம், இன்று கண்கள் பெரும்பாலும் தெளிந்துவிட்டன. மருந்தின் ஐந்து நாளும் நேற்றோடு முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, அதே கொட்டகையில் வேலை செய்யும் அவருடைய மனைவிக்கும் மைத்துனருக்கும் கண் உறுத்துவதாகச் சொன்னார். இருவரையும் நாளைக் காலை குளித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். குழாய்கள் குளிர்பதனப் பெட்டியில் தயாராக இருக்கின்றன.